இணையத்தின் தலைமைப் பட்டியல் யார் கையில்?

2022 பிப்ரவரி இறுதியில் உக்ரைன் அரசு ஐகான் அமைப்புக்கு ஒரு கடிதம் எழுதியது. ரஷ்யாவின் 'டாட் ஆர்யூ' முகவரிகளை இணையத்திலிருந்தே தூக்கிவிட வேண்டும் என்பது கோரிக்கை. சில நாட்களிலேயே மறுப்பு வந்தது: எந்த நாட்டின் பக்கமும் சாய்வது எங்கள் வேலை இல்லை என்றது ஐகான்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பதிவான, லாப நோக்கற்ற ஓர் அமைப்பிடம் ஏன் இப்படிக் கேட்டார்கள்? காரணம், 'ரூட் சோன்' எனப்படும் தலைமைப் பட்டியலின் நிர்வாகம் அதனிடம் இருக்கிறது. டாட் காம், டாட் இன் போன்றவற்றின் விவரங்களை எந்தக் கணினிகளிடம் கேட்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல் அது. 'டாட் இலங்கை', 'டாட் சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்திலேயே அமைந்த முகவரிகளும் அதில் உண்டு. மொத்தமே 1,400 சொச்சம் பெயர்கள்தான். இதன் நகலை வைத்துக்கொண்டு பதில் சொல்பவை ரூட் சர்வர்கள். அவற்றுக்கு 13 பெயர்கள். நடத்துபவை நாசா, மேரிலாண்ட் பல்கலைக்கழகம் உட்பட 12 நிறுவனங்கள். உலகில் 13 கணினிகள்தான் இருக்கின்றன என்று பலர் நம்புவது தவறு. ஒரே முகவரியில் பல ஊர்களிலிருந்து ஆயிரத்துக்கும் அதிகமான கணினிகள் பதில் சொல்கின்றன.

இந்த 12 நிறுவனங்களுக்கும் மேலே ஓர் அதிகாரி கிடையாது. 1998 ஜனவரி 28 அன்று அது வெளிச்சத்துக்கு வந்தது. அதுவரை முகவரிப் பணிகளை மேற்பார்த்துவந்த ஜான் போஸ்டல், எட்டு ரூட் சர்வர்களை நடத்துபவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அரசு ஒப்பந்தம் பெற்ற நிறுவனத்தின் கணினியை விட்டுவிட்டு, இனி என் கணினியிலிருந்து பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எட்டு பேரும் செய்துவிட்டார்கள்! வெள்ளை மாளிகை கொதித்த பிறகு, சோதனைதான் செய்தேன் என்று சொல்லி மாற்றிக்கொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் ஐகான் பிறந்தது. அக்டோபரில் போஸ்டல் காலமானார். ஐகான் மீது அமெரிக்க அரசுக்கு இருந்த கடைசி ஒப்பந்தப் பிடி விலக 2016 அக்டோபர் 1 வரை ஆனது.

இன்று போஸ்டல் செய்ததை யாராவது செய்தாலும் திருத்திய பட்டியல் எளிதில் செல்லாது. 2010 முதல் அதற்கு டிஜிட்டல் கையெழுத்து உண்டு. அதைச் சரிபார்க்கும் கணினிகள் போலியைத் தள்ளிவிடும். அந்தக் கையெழுத்துக்கான சடங்கு ஆண்டுக்கு நான்கு முறை, கலிபோர்னியாவின் எல் செகண்டோவிலோ வர்ஜீனியாவின் கல்பெப்பரிலோ நடக்கிறது. இடத்துக்கு ஏழு பேராகப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் பெட்டகச் சாவி வைத்திருக்கிறார்கள். அவர்களில் குறைந்தது மூவர் நேரில் வர வேண்டும். எல்லாம் நேரலையில் ஒளிபரப்பாகும்.

2020 பிப்ரவரியில் எல் செகண்டோவில் சாவிக்காரர்கள் தயார், ஆனால் இரும்புப் பெட்டகம் திறக்கவில்லை. பூட்டு பழுது. பூட்டுத் தொழிலாளியை வரவழைத்து, துளை போட்டுத்தான் திறக்க முடிந்தது. பிப்ரவரி 12க்குக் குறித்த சடங்கு 16ஆம் தேதி நடந்தது. அடுத்த காலாண்டுக்கான கையெழுத்தை முன்கூட்டியே போட்டுவைப்பது வழக்கம் என்பதால், எந்த இணையதளமும் படுக்கவில்லை.