பன்னிரண்டு பந்து வீசியவனுக்கு நாயகன் பரிசா?

பெரம்பலூரில் இருந்து அரியலூருக்குப் பஸ்சில் போனால் ஒரு மணி நேரம் ஆகும். சுண்ணாம்புக்கல் லாரிகள் முன்னால் போனால் இன்னும் கொஞ்சம் ஆகும்.

அந்தப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். மக்காச்சோளம் அறுத்த கொல்லையிலும், தண்ணீர் வற்றிய ஏரியிலும் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். டென்னிஸ் பந்து, மூன்று குச்சி, ஒரு மட்டை. அவ்வளவுதான்!

ஊருக்கு ஊர் போட்டியும் உண்டு. கோப்பை கொடுப்பார்கள். ரொக்கமும் கொடுப்பார்கள். கடைசியில் "தொடர் நாயகன்" என்று ஒருவருக்குத் தனிப் பரிசு.

அந்தப் பரிசு யாருக்கு? அங்கேதான் சண்டை!

சிக்சர் அடித்தவனுக்குக் கொடு என்று ஒரு கட்சி. விக்கெட் எடுத்தவனுக்குக் கொடு என்று இன்னொரு கட்சி. பெரும்பாலும் சிக்சர் கட்சிதான் ஜெயிக்கும்.

"அவன் வீசியது இரண்டு ஓவர். பன்னிரண்டே பந்து. அதற்கு நாயகன் பட்டமா?" என்று கேட்டால், எதிர்க்கட்சி வாயை மூடிக்கொள்கிறது.

மூடவேண்டியது இல்லை. பதில் இருக்கிறது. அந்தப் பதில் 2024-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி, கடலுக்கு அப்பால் பார்படாஸ் தீவில் கிடைத்தது.

30 பந்து! 30 ரன்!

அன்று 20 ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். இந்தியா 176 ரன் எடுத்தது. அதில் விராட் கோலி மட்டும் 76.

தென் ஆப்பிரிக்கா துரத்தியது. 15-வது ஓவரில் கிளாசன் வெளுத்து வாங்கினார். அந்த ஒரே ஓவரில் 24 ரன்! இனி 30 பந்தில் 30 ரன் எடுத்தால் போதும். கையில் 6 விக்கெட் இருந்தது. "கோப்பை போச்சு" என்று டெலிவிஷனை அணைக்கப் போனவர்கள் எத்தனையோ பேர்!

பந்து ஜஸ்பிரித் பும்ராவிடம் வந்தது.

16-வது ஓவரை அவர் வீசினார். 4 ரன்தான் கிடைத்தது. ரன் வராததால் எதிராளிக்குப் பதற்றம். அடுத்த ஓவரின் முதல் பந்திலேயே ஹர்திக் பாண்ட்யா, கிளாசனை வெளியே அனுப்பினார். 18-வது ஓவர் மறுபடியும் பும்ரா. 2 ரன் கொடுத்தார். ஜான்சனின் குச்சியைப் பறக்கவிட்டார்.

இரண்டு ஓவர். பன்னிரண்டே பந்து! 6 ரன், ஒரு விக்கெட். இந்தியா 7 ரன் வித்தியாசத்தில் கோப்பையை வென்றது.

ஆட்ட நாயகன் பரிசு கோலிக்குப் போனது. தொடர் நாயகன் பரிசு பும்ராவுக்கு. அந்தத் தொடரில் அவர் எடுத்தது 15 விக்கெட். மட்டை பிடித்து எடுத்த ரன் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம்!

விக்கெட் கணக்கிலும் அவர் முதல்வர் அல்ல. அர்ஷ்தீப் சிங்கும், ஆப்கானிஸ்தானின் பரூக்கியும் 17 எடுத்திருந்தார்கள். ஆனால் பும்ரா ஓவருக்குச் சராசரியாக 4 ரன்னுக்குச் சற்று அதிகமாகத்தான் கொடுத்தார். அடித்து நொறுக்கும் 20 ஓவர் ஆட்டத்தில் இது கஞ்சத்தனத்திலும் கஞ்சத்தனம்!

ஷமிக்குக் கிடைக்கவில்லை

எல்லா நேரத்திலும் பந்து வீசுபவருக்கே கொடுக்கவேண்டும் என்று சொல்ல முடியாது. 2023-ம் ஆண்டு 50 ஓவர் உலகக் கோப்பையில் முகமது ஷமி 7 ஆட்டத்தில் 24 விக்கெட் எடுத்தார். அரை இறுதியில் மட்டும் 7 விக்கெட்! ஆனாலும் தொடர் நாயகன் கோலிதான். அவர் எடுத்தது 765 ரன். ஓர் உலகக் கோப்பையில் வேறு யாரும் அவ்வளவு எடுத்தது இல்லை. ஷமியோ முதல் 4 ஆட்டத்தில் ஆடவே இல்லை. அந்தத் தீர்ப்பு நியாயமானதுதான்.

அமெரிக்காவிலும் இதே வழக்கு!

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். ஒருவர் பந்தை எறிவார். மற்றவர் உருண்டைத் தடியால் அடிப்பார். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் எறிவீரர் ஐந்து நாளுக்கு ஒரு தடவைதான் களம் இறங்குவார். மற்றவர்கள் அநேகமாகத் தினமும் ஆடுவார்கள். "தினக்கூலிக்காரன் இருக்க, வாரம் ஒரு நாள் வருபவனுக்குப் பரிசா?" என்பது அங்கே உள்ள கேள்வி.

எறிவீரர்களுக்கு என்றே 1956-ல் சை யங் என்ற பழைய வீரரின் பெயரால் ஒரு பரிசு ஏற்படுத்தினார்கள். அதுவே அவர்களுக்கு வினை ஆயிற்று! "உங்களுக்குத்தான் தனிப் பரிசு இருக்கிறதே, பெரிய பரிசு எதற்கு?" என்று சிலர் கேட்கத் தொடங்கினார்கள்.

1999-ல் பெட்ரோ மார்ட்டினஸ் என்ற எறிவீரர் 23 ஆட்டத்தில் வெற்றி தேடிக் கொடுத்தார். தோல்வி நாலே நாலு. பரிசுக்கு ஓட்டுப் போடுபவர்கள் பத்திரிகை நிருபர்கள். ஒவ்வொருவரும் பத்துப் பெயர் எழுதவேண்டும். முதல் இடத்தில் மார்ட்டினஸ் பெயரை எழுதியவர்கள் 8 பேர். இவான் ரோட்ரிகஸ் பெயரை எழுதியவர்கள் 7 பேர். ஆனால் இரண்டு பேர் மார்ட்டினஸ் பெயரைப் பத்தில் ஒன்றாகக் கூட எழுதவில்லை! பரிசு ரோட்ரிகசுக்குப் போய்விட்டது.

நம் ஊர்ப் போட்டியிலும் "சிறந்த பந்து வீச்சாளர்" என்று ஒரு சின்னக் கோப்பையைக் கொடுத்து வாயை அடைப்பது உண்டு அல்லவா? அதே கதைதான்.

அவர் இல்லாத நாள்

உப்பின் அருமை உப்பில்லாவிட்டால் தெரியும் என்பார்கள். 2024-25-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஐந்து டெஸ்டில் பும்ரா 32 விக்கெட் எடுத்தார். கடைசி டெஸ்டில் முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டாவது இன்னிங்சில் அவரால் பந்து வீச முடியவில்லை. ஆஸ்திரேலியா 162 ரன் இலக்கை 4 விக்கெட் மட்டும் இழந்து எட்டிப் பிடித்தது. தொடரை 3-1 என்று வென்றது. ஆனாலும் தொடர் நாயகன், தோற்ற அணியின் பும்ராவே!

டெஸ்ட் ஆட்டத்தில் இது புதுமை அல்ல. எதிராளியின் 20 விக்கெட்டையும் எடுக்காமல் ஜெயிப்பது அரிது. சென்னை அஸ்வினும், இலங்கை முரளிதரனும் ஆளுக்கு 11 டெஸ்ட் தொடர்களில் நாயகன் பரிசு வாங்கியவர்கள். இரண்டு பேரும் பந்து வீச்சில் மன்னர்கள், இரண்டு பேரும் தமிழர்கள்!

ஏரிக்கரைப் பையன்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். பரிசு எல்லாம் சிக்சருக்கே என்றால் எல்லாப் பையனும் மட்டையைத்தான் கேட்பான். வெயிலில் ஓடி வந்து வீச ஆள் இருக்காது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனும் இதே டென்னிஸ் பந்தில்தான் தொடங்கினார். 2020-ம் ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவின் தொப்பியை அணிந்தார். அவரை அங்கே கொண்டுபோனது மட்டை அல்ல. இடது கையால் வீசிய யார்க்கர்!