36 முகங்களும் ஓர் உடைமையும்: பொப் கலையின் உருவச்சித்திரம் குறித்து

குடும்ப உருவச்சித்திரம் நெடுங்காலமாக உடைமையின் மொழியிலேயே பேசி வந்துள்ளது. ஐரோப்பாவில் வணிக வர்க்கம் தலையெடுத்த காலந்தொட்டு, ஓவியனுக்குக் கூலி கொடுத்தவனின் தகுதியை உறுதிப்படுத்துவது அதன் பணிகளுள் முதன்மையானது. இவ்வடிவம் பொப் கலையின் கைக்கு வந்தபோது என்ன ஆயிற்று என்பதை, அன்டி வோர்ஹோலின் ‘எதெல் ஸ்கல் 36 தடவைகள்’ (1963) என்னும் ஆக்கத்தைக் கொண்டு நோக்குவோம்.

நியூயோர்க்கில் வாடகைக்கார்த் தொழில் நடத்திய றொபேட் ஸ்கல், தம் மனைவியின் உருவத்தை ஆக்கித் தருமாறு வோர்ஹோலை வேண்டினார். வோர்ஹோலோ அவரை ரைம்ஸ் சதுக்கத்தருகே, நாணயம் இட்டாற் படம்பிடித்துத் தரும் பொறிக்கூண்டுகளுள் அமர்த்தினார். சிரிப்பு, சலிப்பு, கறுப்புக் கண்ணாடி, கூந்தல் கோதும் கை என நூற்றுக்கணக்கான படங்கள் விழுந்தன. தேர்ந்தவை பெருப்பிக்கப்பட்டு, ஒளியுணர் பசை பூசிய பட்டுத்திரைக்கு மாற்றப்பட்டன. ஒளி பட்ட இடத்திற் பசை இறுகும். படாத இடத்துப் பசை நீரிற் கழுவுண்டு போகும். அவ்விடத்துக் கண்களினூடாக மையை றப்பர் விளிம்புப் பலகையால் அழுத்தி இழுக்க, முன்னரே தட்டையாக வண்ணமிட்ட துணியில் முகம் பதியும். ஒரே திரை பல துணிகளுக்கு உதவும். இவ்வாறமைந்த 36 பலகங்கள், வரிசைக்கு 9 ஆக 4 வரிசைகளில் இணைந்து, ஏறத்தாழ 2 மீற்றர் உயரமும் 3.6 மீற்றர் அகலமும் கொண்ட அகல்காட்சியாயின.

இதில் மையமுகம் என ஒன்றில்லை. கண் கடைத்தட்டின் முன் அலைவதுபோல் அலைகிறது. எனினும் எதெல் இதில் உயிருடன் இருக்கிறார். தைலவண்ண ஓவியத்துக்காக அசையாது அமர்ந்த சீமாட்டியரிடம் இவ்வுயிர்ப்பைக் காண்பது அரிது. பொறிக்கு உடைமையாளனின் பார்வை கிடையாது என்பது ஒரு காரணமாகலாம். இயந்திரப் படியெடுப்பு கலைப்பொருளின் தனித்துவ ஒளிவட்டத்தைத் தேயச் செய்யும் என வோல்ற்றர் பெஞ்சமின் 1930களில் வாதிட்டார். அக்கூற்றை நாம் இங்கு பாதியளவே ஏற்கலாம். சில்லறை நாணயத்துக்குக் கிடைத்த படமே ஒற்றைப் பெறுமதிப் பண்டமாக மீண்டும் சுவரேறிற்று அல்லவா?

அச்சுவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1973 ஒக்ரோபரில் ஸ்கல் தம்பதியர் தம் சேகரிப்பின் 50 ஆக்கங்களை ஏலத்தில் விட்டு 22 இலட்சம் டொலர் வரை பெற்றனர். 900 டொலருக்கு வாங்கிய றொபேட் றோஷன்பேர்க்கின் ஆக்கமொன்று 85,000 டொலருக்குப் போயிற்று. ஏலமண்டப வாயிலில், தம் உழைப்பைச் சுரண்டியே இச்சேகரிப்பு உருவானதென வாடகைக்காரோட்டிகள் மறியல் செய்தனர். வோர்ஹோலின் 36 பலகங்களுள் அவர்களுக்கு இடமிருக்கவில்லை, கேட்டவரும் இல்லை. பின்னர் தம்பதியர் பிரிந்தனர்; சேகரிப்பைப் பங்கிடுவது குறித்து நெடிய வழக்கும் நடந்தது. அகல்காட்சி இன்று விற்னி, மெற்றோபொலிற்றன் ஆகிய இரு நியூயோர்க் நூதனசாலைகளின் கூட்டுடைமையாக உள்ளது.