குடில் கலைக்கும் நாளிலிருந்து தொடங்குவோம்

கிறிஸ்துமஸுக்கு மண்ணைக் கெடுக்காமல் வீட்டை எப்படி அலங்கரிப்பது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஜனவரி 6 அன்று உங்கள் வீட்டில் என்ன மிஞ்சும்? அன்று மூன்று ராஜாக்கள் திருநாள். அதோடு குடிலைக் கலைத்துவிடுவது பல கத்தோலிக்க வீடுகளில் வழக்கம். கலைத்த சாமான்களில் பாதி பரண் ஏறும், மீதி தெருவுக்கு வரும். சேலம் நகரமென்றால் குப்பை வண்டியில் ஏறி செட்டிச்சாவடிக்குப் போகும். ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்துக் கிராமமென்றால் ஒரு வாரம் கொல்லையில் கிடந்து போகித் தீயில் விழவும் கூடும்.

அந்தத் தீயில் விழுவது என்ன என்று நிதானமாகப் பார்க்கலாம். தெர்மாகோல் என்பது காற்றடைத்த பாலிஸ்டைரீன். எரித்தால் கரும்புகையோடு ஸ்டைரீன் ஆவி வரும். வாசலில் தொங்கும் பளபள சரங்களில் பல பிவிசியில் செய்தவை. பிவிசிக்குள் குளோரின் இருக்கிறது. கொல்லைத் தீயின் அரைகுறைச் சூட்டில் அது அமிலப் புகையாகவும் டையாக்சின் என்னும் நஞ்சாகவும் மாறும். ஜிகினாத் தூள் இன்னும் மோசம். பாலியெஸ்டர் தாளுக்கு அலுமினியம் பூசிப் பொடிப்பொடியாக நறுக்கியது அது. வீட்டைக் கழுவும்போது சாக்கடைக்குப் போய், அங்கிருந்து திருமணிமுத்தாற்றில் கலக்கும். ஏற்கெனவே சாயக் கழிவோடு நுரைத்து ஓடி நாமக்கல் மாவட்டத்தில் காவிரியைச் சேரும் ஆறு அது. அலங்காரத் தெர்மாகோல், பிளாஸ்டிக் குச்சி வைத்த பலூன், இனிப்புப் பெட்டியைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள் எல்லாம் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டவை. ஆனாலும் வாங்கும் கை நின்றால்தான் விற்கும் கை நிற்கும்.

இந்தச் சமவெளிக்குக் கிறிஸ்துமஸ் புதிதில்லை. இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து புறப்பட்டு சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தது 1623 வாக்கில். சேலம் மறைமாவட்டம் அமைந்ததே 1930-இல்தான். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ தலைமுறைகள் இங்கே கொண்டாடியிருக்கின்றன. பிளாஸ்டிக் பனியும் பளபளச் சரமும் கடைசிச் சில பத்தாண்டுகளில் வந்து ஒட்டிக்கொண்டவை. அவற்றைக் கழற்றி வைப்பதால் திருநாளின் மகிழ்ச்சி கொஞ்சமும் குறையாது.

குடிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அசிசி நகரத்துப் பிரான்சிஸ் 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அமைத்த குடிலில் பொம்மையே இல்லை. காய்ந்த புல் நிரப்பிய தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். திருநாள் முடிந்ததும் அந்தப் புல்லை எடுத்து வைத்து, நோயுற்ற கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள் என்று அவருடைய வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தாமஸ் சொல்கிறார். பிரான்சிஸைச் சுற்றுச்சூழலின் பாதுகாவலராக 1979-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அறிவித்தார். எனக்கு அந்த அறிவிப்பைவிடப் புல் மாட்டுக்குப் போன செய்திதான் பெரிதாகப் படுகிறது. குடிலில் வைத்தது மாடு தின்னக்கூடியதாக இருந்தது. நம் குடிலும் அப்படி இருக்க முடியும்.

கூரைக்கு வைக்கோல் போதும். மலைக்கு, பழைய கோணிச் சாக்கைச் செம்மண் கரைசலில் முக்கி, கல்லும் செங்கல்லும் அடுக்கி அதன்மேல் போர்த்திக் காயவிட்டால் பாறை மடிப்பு தானாக விழும். தரைக்குப் பச்சை வேண்டுமே என்று பிளாஸ்டிக் புல்விரிப்பு வாங்க வேண்டாம். கேழ்வரகோ கம்போ விதையுங்கள். இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் வடித்து ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். முளை எட்டிப் பார்த்ததும், தட்டிலோ கொட்டாங்குச்சியிலோ தென்னைநார்க் கழிவும் தொழுவுரமும் கலந்து பரப்பி, நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண் தூவிவிடுங்கள். தண்ணீரைத் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்தால் கரும்பச்சையாக வரும், இருட்டறையில் வைத்தால் மாரியம்மன் கோயில் முளைப்பாரிபோல இளமஞ்சளாக நிற்கும். மார்கழிக் குளிரில் முளைப்பு கொஞ்சம் மெதுவாகும் என்பதால் டிசம்பர் 12 வாக்கில் விதைத்துவிடுவது நல்லது. பிரான்ஸின் தெற்கே புரோவான்ஸ் வட்டாரத்தில் புனித பார்பராள் திருநாளான டிசம்பர் 4 அன்று கோதுமையைத் தட்டில் விதைத்து வளர்ப்பது வழக்கம். அங்கே பார்பராள், இங்கே மாரியம்மன். விதைக்கிற கை ஒன்றுதான்.

பனிக்கு என்ன செய்வது என்று குழந்தைகள் கேட்பார்கள். சேலத்தில் பனிக்கட்டி விழுவதில்லை என்று சொல்லி அவர்கள் ஆசையைத் தட்டிவிடாதீர்கள். வரப்போரம் கூட்டிப்போய்ப் பூளைப்பூவைக் காட்டுங்கள். தை பிறக்கும் முன் காப்புக்கட்ட வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்து இறவாணத்தில் செருகுகிறோமே, அதே பூ. மார்கழியில் வெள்ளைப் பஞ்சுக் கதிராக நிற்கும், பறித்த பிறகும் நாள்கணக்கில் நிறம் மாறாது. குடிலின் மலைமேல் அதைச் செருகினால் அந்த வெண்மைக்குத் தெர்மாகோல் உருண்டை நிகராகாது. வேரோடு பிடுங்காமல் கதிரை மட்டும் கிள்ளச் சொல்லுங்கள், காப்புக்கட்டுக்கும் பூ வேண்டும்.

சுரூபங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்ததாயிற்றே என்று பழைய சூசையப்பரையும் மாதாவையும் தூக்கிப்போட்டு மண் சுரூபம் வாங்கப் போகாதீர்கள். இருபது வருடம் பயன்படுகிற பொருள் குப்பையில்லை. உடைந்த ஆட்டுக்குட்டியின் காலை ஒட்டுங்கள், சாயம் போன இடத்தில் சாயம் தொடுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் மட்டும் சுட்ட மண்ணைத் தேடலாம்.

நட்சத்திரத்துக்கு வேண்டியதெல்லாம் இந்த வட்டாரத்திலேயே கிடைக்கிறது. கூடை முடைபவர்களிடம் மூங்கில் பத்தை வாங்கி நூலால் கட்டினால் சட்டம் தயார். ஒட்டுவதற்குக் கடைப் பசை வேண்டாம். குச்சிக்கிழங்கு மாவுக்குப் பேர்போன நாடு இது. ஜவ்வரிசிக்கும் கிழங்கு மாவுக்குமான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981-இல் சேலத்தில் தொடங்கியது, 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு கரண்டி கிழங்கு மாவைப் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கண்ணாடிபோல் தெளியும்வரை கிண்டுங்கள். ஆறியதும் காகிதத்தை அழுத்திப் பிடிக்கும். பூச்சிக்குப் பயந்து மயில்துத்தம் கலக்காதீர்கள், அது நஞ்சு. இந்தப் பசை அது இல்லாமலே மூன்று வாரம் தாங்கும். காகிதம் உண்மையில் காகிதம்தானா என்று கடையிலேயே கசக்கிப் பார்க்கலாம்: கசங்கியபடி நின்றால் காகிதம், விரிந்துகொண்டால் பிளாஸ்டிக். பரிசு சுற்றும் தாளுக்கும் இதே சோதனைதான். நட்சத்திரத்தைப் பனியில் நனையாமல் இறவாணத்துக்கு உள்ளே கட்டுங்கள். உள்ளே ஐந்து வாட்டுக்கு மேற்படாத எல்இடி பல்பு போடுங்கள். பழைய குண்டு பல்பின் சூட்டில் காகிதம் கருகும். அடுத்த வருடம் காகிதம் மட்டும் மாற்றினால் போதும்.

மரம் வேண்டுமென்றால் சவுக்குக் கிளை ஒன்று போதும், ஈர மணலில் நட்டால் திருநாள் வரை நிற்கும், பிறகு விறகாகும். கடை மரம் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டர் செயற்கை மரம் ஒன்றின் கார்பன் சுமை சுமார் 40 கிலோ என்று பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் கணக்கிட்டிருக்கிறது. செலவான கார்பன் செலவானதுதான், வருடங்கள் கூடக்கூட அந்தச் சுமை பங்காகிக் குறையும். தூக்கிப்போட்டால் முழுச்சுமையும் வீண்.

சாப்பாட்டில்தான் குப்பை அதிகம் சேரும், மாற்று எளிதாக இருப்பதும் அங்கேதான். பரமத்தி வேலூர் பக்கம் வாழை, வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் பாக்கு மட்டைத் தட்டு. கேக்குக்கு நாமக்கல் முட்டை, பிலிக்கல்பாளையத்து வெல்லம். பிளாஸ்டிக் தட்டும் டம்ளரும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் ‘மீண்டும் மஞ்சப்பை’ திட்டம் தொடங்கியதுகூட ஒரு கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, 2021 டிசம்பர் 23 அன்று.

அண்டை வீடுகளுக்கு அதிரசமும் அச்சு முறுக்கும் கேக்கும் அனுப்பும்போது மட்டும் பெட்டி வாங்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தூக்குப்போசியிலோ சம்புடத்திலோ கொடுத்தனுப்புங்கள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது நம் பக்கத்தில் பழக்கமில்லை. மூன்று வாரத்தில் பொங்கல் வந்துவிடும். அடியில் வீட்டுப் பெயரை மட்டும் வெட்டி வையுங்கள், எந்தப் போசி யாருடையது என்ற தேடல் இருக்காது.