84 வயதில் முதல் வகுப்பு!

ஆப்பிரிக்காவில் உள்ளது கென்யா நாடு. அங்கு எல்டோரெட் என்னும் ஊரில் ஒரு தொடக்கப் பள்ளிக்கூடம்.

2004-ம் ஆண்டு ஜனவரி மாதம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு முதியவர் வந்தார். அரைக்கால் சட்டை, நீண்ட காலுறை, கையில் ஊன்றுகோல். பேரனைச் சேர்க்க அல்ல. முதல் வகுப்பில் தானே சேர்ந்து படிக்க!

அவர் பெயர் கிமானி மாருகே. வயது 84. வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து நடந்த 'மாவ் மாவ்' கிளர்ச்சியில் பங்கு கொண்டவர். பைபிளைத் தானே படிக்க வேண்டும், கையில் வரும் பணத்தைத் தானே எண்ண வேண்டும் என்பது அவர் ஆசை. மிக அதிக வயதில் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தவர் என்று 'கின்னஸ்' புத்தகத்தில் அவர் பெயர் ஏறியது.

கட்டணம் ரத்து

அதற்கு முந்திய ஆண்டுதான் கென்யாவில் தொடக்கப் பள்ளிக் கட்டணம் ஒழிக்கப்பட்டது. 2002-ல் சுமார் 59 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை, 2003-ல் சுமார் 72 லட்சமாக உயர்ந்தது.

இத்தனை பேருக்கும் புத்தகம் வேண்டுமே! உலக வங்கி 5 கோடி டாலர் மானியம் கொடுத்தது. பிரிட்டனும் மற்ற நாடுகளும் உதவின. மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,020 ஷில்லிங் என்று கணக்கிட்டு, பள்ளிக்கூடங்களின் வங்கிக் கணக்கிலேயே பணம் போடப்பட்டது. புத்தகம், நோட்டு, பென்சில், சில்லறை ரிப்பேர் எல்லாம் அதில்தான்.

ஆனால், பிள்ளைகள் பெருகிய அளவுக்கு ஆசிரியர்கள் பெருகவில்லை. சில பள்ளிக்கூடங்களில் ஒரே வகுப்பில் 100 பேர்!

மாருகே 2005-ல் முதன்முறையாக விமானம் ஏறி நியூயார்க் சென்றார். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி வேண்டும் என்று ஐ.நா. சபையில் பேசினார். 2008-ம் ஆண்டுக் கலவரத்தில் வீட்டை விட்டுக் கூடாரத்தில் தங்க நேர்ந்தது. அப்போதும் பள்ளிக்கூடம் போவதை அவர் விடவில்லை. 2009 ஆகஸ்டு மாதம் காலமானார்.

பணம் எங்கே?

அதே ஆண்டில், கல்விக்கென வந்த பணத்தில் பெருந்தொகை காணாமல் போனது தணிக்கையில் வெளிப்பட்டது. டிசம்பரில் பிரிட்டன் உதவியை நிறுத்தி வைத்தது. அமெரிக்காவும் பின்தொடர்ந்தது.

இலவசக் கல்வித் திட்டம் நிற்கவில்லை. ஆனால் பணம் நின்றால் முதலில் குறைவது பிள்ளையின் புத்தகமும் நோட்டும்தான். வெளியார் கொடுக்கும் பணத்துக்கு உள்ளூரில் காவல் இல்லாவிட்டால், தண்டனை எடுத்தவனுக்கு அல்ல, படிக்கிற பிள்ளைக்கு!

பணத்தை எண்ணக் கற்றுக்கொள்ள 84 வயதில் பள்ளிக்கூடம் போனார், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர். கணக்கில் பணத்தைக் குறைத்தவர்களோ, படித்தவர்கள்!