போல்ட்டா, வெல்டிங்கா? ஒரு வங்கிக் கட்டடத்தின் கதை

"போல்ட் இணைப்பு, வெல்டிங் இணைப்பு – வேறுபடுத்துக" என்று ஐந்து மார்க் கேள்வி வரும். நாமும் நாலு பாயின்ட் எழுதிவிட்டு, ஹாலை விட்டு வெளியே வந்ததும் மறந்துவிடுவோம். அந்த ஐந்து மார்க் கேள்வி நியூயார்க்கில் ஒரு 59 மாடிக் கட்டடத்தையே பயமுறுத்திய கதை இது.

1970-களில் சிட்டிகார்ப் வங்கி, லெக்சிங்டன் அவென்யூவில் ஒரு பெரிய கட்டடம் எழுப்ப இடம் பிடித்தது. மனையின் ஒரு மூலையில் செயின்ட் பீட்டர்ஸ் சர்ச் இருந்தது. சர்ச்காரர்கள் இடம் தரச் சம்மதித்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: அதே மூலையில் புது சர்ச் கட்டித் தரவேண்டும், வங்கியின் தூண் எதுவும் அதற்குள் வரக்கூடாது.

மூலையில் தூண் கூடாது என்றால் என்ன செய்வது? ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வில்லியம் லெமெஷரியர் நான்கு தூண்களையும் நான்கு பக்கங்களின் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். நாற்காலியின் கால்களைக் கழற்றி ஒவ்வொரு பக்கத்தின் மத்தியிலும் மாட்டினால் எப்படி? அதேதான். தூண்களின் உயரம் 114 அடி. மூலைகள் 72 அடி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். எட்டெட்டு மாடிக்கு ஒன்றாக 'வி' வடிவ எஃகுச் சட்டங்கள், மேலே உள்ள பாரத்தை நடுத்தூணுக்கு இழுத்து வந்தன. காற்றில் ரொம்ப ஆடாமலிருக்க உச்சியில் 400 டன் கான்கிரீட் கட்டி ஒன்று. கட்டடம் ஒருபக்கம் போனால் அது எதிர்ப்பக்கம் இழுக்கும். 915 அடி உயரக் கட்டடம் 1977-ல் திறக்கப்பட்டது. எல்லோரும் பாராட்டினார்கள்.

1978-ல் ஒரு மாணவர் போனில் தூண்கள் பற்றிக் கேள்வி கேட்டார் என்று லெமெஷரியர் பிற்பாடு சொன்னார். அந்த மாணவர் யார் என்பதில் இன்னும் பேச்சு ஓயவில்லை. பிரின்ஸ்டனில் இதே கட்டடத்தைப் பற்றி ப்ராஜெக்ட் எழுதிய டயான் ஹார்ட்லி என்ற மாணவியும் அந்த வருஷம் அவருடைய ஆபீசில் இதைக் கேட்டிருக்கிறார். விஷயம் என்னவென்றால், கட்டட விதிகள் முகத்துக்கு நேராக அடிக்கும் காற்றுக்குத்தான் கணக்கு கேட்டன. மூலைவாட்டில் அடித்தால் ஒரே நேரத்தில் இரண்டு முகமும் வாங்குமே! லெமெஷரியர் போட்டுப் பார்த்தார். சில சட்டங்களில் விசை 40 சதவீதம் கூடியது.

இதுமட்டும் என்றால் தாங்கியிருக்கும். ஆனால் டிராயிங்கில் முழு வெல்டிங் என்று இருந்த இணைப்புகளை, செலவைக் குறைக்க போல்ட்டாக மாற்றியிருந்தார்கள். அவருடைய ஆபீஸே அதற்கு ஒப்புதல் தந்திருந்தது; அவருக்கே பிறகுதான் தெரியும்.

இங்கே கொஞ்சம் கவனியுங்கள். காற்று சட்டத்தை இழுக்கிறது. கட்டடத்தின் எடை அதை அமுக்குகிறது. மிச்சமுள்ள இழுவிசைதான் போல்ட்டுக்கு. சும்மா ஒரு கணக்கு: காற்று 100, எடை 75 என்றால் போல்ட்டுக்கு 25. காற்று 140 ஆனாலும் எடை அதே 75-தான். போல்ட்டுக்கு 65! காற்றில் 40 சதவீதம், போல்ட்டில் 160 சதவீதம். லெமெஷரியருக்குக் கிடைத்த விடையும் இதே 160 சதவீதம்தான். புயலில் மின்சாரம் போய் உச்சியிலுள்ள கட்டி நின்றுவிட்டால், சராசரியாக 16 வருஷத்துக்கு ஒருமுறை வரும் காற்றே கட்டடத்தைச் சாய்த்துவிடும் என்று கணக்கு வந்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். தற்கொலை எண்ணம்கூட வந்தது என்று பின்னால் அவரே சொன்னார். கடைசியில் வங்கித் தலைவரிடம் போய், "தப்பு என்னுடையது" என்று ஒப்புக்கொண்டார். ஆகஸ்டில் வேலை ஆரம்பம். பகலில் ஆபீஸ் நடக்கும். ராத்திரி வெல்டர்கள் வந்து சுவர்ப்பலகையைக் கழற்றி, 200-க்கு மேற்பட்ட இணைப்புகளில் இரண்டு அங்குல எஃகுத் தகடு வைத்து வெல்டிங் அடிப்பார்கள். விடிவதற்குள் புகையும் குப்பையும் சுத்தம். வேலை பாதியில் இருக்கும்போது எல்லா என்ற புயல் கிளம்பியது. சுற்றுவட்டார மக்களை வெளியேற்றத் திட்டம் தயார். நல்லவேளை, புயல் கடல் பக்கம் திரும்பிவிட்டது. அந்த நேரம் பார்த்து நியூயார்க் பத்திரிகைகளில் ஸ்டிரைக் வேறு. அதனால் விஷயம் அமுங்கிப் போய், 1995-ல் நியூயார்க்கர் இதழ் எழுதிய பிறகுதான் முழுக் கதையும் உலகுக்குத் தெரிந்தது.

அவர் தப்பை ஒப்புக்கொண்டதை எல்லோரும் புகழ்கிறார்கள். சரிதான். ஆனால் உள்ளே வேலை பார்த்தவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் 17 வருஷம் யாரும் வாய் திறக்கவில்லையே, அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

2019-ல் அமெரிக்க அரசின் தரநிர்ணய ஆய்வாளர்கள் புது முறையில் மறுபடி கணக்குப் போட்டார்கள். மூலைக்காற்று நேர்க்காற்றை விட மோசமில்லை என்று வந்தது! கட்டடத்துக்கு இப்போது 601 லெக்சிங்டன் அவென்யூ என்று பெயர். 1978-ல் ராத்திரி ராத்திரியாக வைத்த தகடுகள் மட்டும் சுவருக்குள் அப்படியே இருக்கின்றன.