சூடானால் அடம் பிடிக்கும் டீசல்

காலையில் ஒரே திருப்பில் உயிர் பெறும் கார், டீக்கடை வாசலில் மறுப்பது ஏன்?

மும்பையிலிருந்து புனே போகும் வழி. லோனாவாலாவில் ஒரு குடும்பம் காரை நிறுத்துகிறது. மலையேறி வந்த என்ஜின் நல்ல சூட்டில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் டீயும் சிக்கியும் முடித்துத் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுழல்கிறது, என்ஜின் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து, எதுவுமே நடக்காதது போல் கிளம்புகிறது.

பழைய டீசல் கார் வைத்திருப்போருக்குப் பழகிய காட்சி இது. அடுத்து நடப்பதும் பழகியதுதான்: முதலில் புது பேட்டரி, பிறகு புது க்ளோ பிளக். பணம் போகிறது, கோளாறு போவதில்லை. காரணம், அவை இரண்டும் பெரும்பாலும் குளிரில்தான் காலை வாருபவை. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்திலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. சூடான என்ஜினில் அந்த வெப்பத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் பெரும்பாலும் எரிபொருளுக்குத்தான்.

சூட்டில் டீசல் நீர்த்துப்போகிறது. பம்ப்போ இன்ஜெக்டரோ தேய்ந்திருந்தால், நுண்ணிய இடைவெளிகள் வழியே கசிந்துவிடுகிறது. 2000-க்குப் பின் பரவிய காமன் ரெயில் என்ஜின்களில், ரெயிலில் போதிய அழுத்தம் (பல கார்களில் சுமார் 200 பார்) சேராதவரை கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்காது. ஸ்டார்ட்டர் சுழன்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

சந்தேக வளையத்தில் இன்னும் இருவர் உண்டு. சூட்டில் செயலிழக்கும் கிராங்க் சென்சார் ஒன்று: ஸ்டார்ட்டர் சுழலும்போது ஆர்.பி.எம். முள் துளியும் அசையாவிட்டால், பல கார்களில் அதுவே துப்பு. மற்றொன்று ஸ்டார்ட்டர் மோட்டாரேதான்: சூட்டில் மட்டும் இழுத்து இழுத்துச் சுழன்றால் இன்ஜெக்டரைக் கழற்றத் தேவையில்லை.

சோதனைகள் எளியவை. ஸ்கேனரில் ரெயில் அழுத்தத்தைப் பார்க்கலாம். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் ஒரு சிறு பாட்டிலில் விட்டால், மற்றவற்றைவிட வேகமாக நிரம்பும் பாட்டில் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். நான்கையும் மாற்றும் செலவு மிச்சமாகலாம். பழைய ரோட்டரி பம்ப் என்றால் மெக்கானிக்குகளின் கைவைத்தியம் ஈரத்துணி: பம்ப்பின் மேல் போட்டுக் குளிர்ந்ததும் என்ஜின் பிடித்தால், தேய்ந்தது பம்ப்.

ஆனால் காமன் ரெயில் குழாய்களைத் தளர்த்திப் பார்ப்பது ஆபத்து. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

இன்னொன்று: ஆறிய காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் மறுநாள் காலை சமர்த்தாகக் கிளம்பும், மெக்கானிக்கும் உதட்டைப் பிதுக்குவார். இந்தக் கோளாறைச் சூட்டோடு சூடாகத்தான் காட்ட வேண்டும்.