மலைநாட்டுக் கூரைகளும் தச்சர் வாளும்

கண்டிக்கும் கம்பளைக்கும் இடைப்பட்ட உடுநுவரைப் பகுதியில் எம்பெக்கே தேவாலயம் அமைந்துள்ளது. 14ஆம் நூற்றாண்டில், கம்பளையை ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்திற் கதிர்காமக் கடவுளுக்கு எடுக்கப்பெற்ற கோயில் அது. அங்குச் செல்வோர் தூண்களிற் செதுக்கப்பெற்ற அன்னங்களையும் மல்லர்களையும் கண்டு வியந்து மீள்வர். தச்சுத்தொழில் அறிந்தோரின் கண்ணோ கூரையை நாடும். அதன் ஒரு முனையில் 26 கைமரங்கள் ஓரிடத்தே வந்து கூடுகின்றன. அவை அனைத்தையும் சேர்த்துப் பிடித்து நிற்பது, சிங்களத்தில் ‘மடோல் குருபாவ’ என வழங்கும் ஒற்றை மரமுளையாகும்.

மரத்தை மரத்தாலேயே பிணிக்கும் இக்கலையை நம் சிற்பநூல்களும் போற்றின. மயமதமும் மானசாரமும் இதனைச் ‘சந்திகர்மம்’ என்று தனி அத்தியாயமாக வகுத்துரைக்கின்றன. நடுவே கழுந்து நீண்டு நிற்கும் ஒரு வகைப் பொருத்துக்கு ‘மேஷயுத்தம்’, அதாவது ஆட்டுக்கடாப் போர், என்பது பெயர். பெயரிட்டவர் பொருத்தை நன்கு நோக்கியவர் என்பதில் ஐயமில்லை.

எம்பெக்கேயிலிருந்து மேலேறி ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களை அடையும்போது கூரையின் இயல்பே மாறிவிடுகின்றது. ஓட்டுக்கூரை கனமானது, அதன் பாரமே பொருத்துக்களை ஒன்றோடொன்று அழுத்தி இறுக்கும். தோட்டத்து லயன்களுக்கு வேய்ந்த தகரமோ இலேசானது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே ஹற்றன் மலைச்சரிவுகளிற் கூரையைக் கீழே அமுக்கும் பாரத்தினும் மேலே தூக்கும் காற்றே பெரும் பகையாகும். அப்போது கழுந்து தன் பொளியிலிருந்து உருவப்படுகின்றது. அதனை மறித்து நிற்பவை குறுக்கே அடித்த முளையும், பொளியின் சுவரோடு நெருங்கிப் படிந்த கழுந்தின் பக்கங்களுமே. 10 அடிக்கு 12 அடி அறையொன்றிலே ஒரு குடும்பம் உறங்குமிடத்தில் இஃது ஏட்டளவிலான ஆராய்ச்சியன்று. ஆகவே, கழுந்தை அறுக்கும் வாள் யாது என்ற வினா இங்கே சிறிய வினாவாகாது.

கடைக்குச் செல்வோர் பெரும்பாலும் வாளின் நீளத்தையே வினவுவர். முதலில் வினவ வேண்டியது பல்லின் வடிவம். மரம் நாரோட்டம் உடையது. நாரோட்டத்தின் வழியே நெடுக்காக அறுக்கும் வாளின் பல் சிற்றுளி போன்றது. அரத்தை அலகுக்கு நேர்குறுக்காகப் பிடித்து அராவப்படும். மரத்தைச் சிறு சுருள்களாகச் செதுக்கி வெளியேற்றும். குறுக்காக அறுக்கும் வாளின் பல் கத்திமுனை போன்றது. அரத்தைச் சாய்த்து அராவுவதால் இருபுறமும் கூர்பெற்று, நாரை முதலில் வெட்டிப் பின்னர் உதிர்க்கும். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் ஒப்படைத்தாற் கை சலிக்கும், கோடும் பிறழும். கழுந்தொன்றை ஆக்க இரண்டு தொழிலும் வேண்டும். அதன் பக்கங்கள் நெடுக்கறுப்பு, தோள்கள் குறுக்கறுப்பு. ஆதலால் ஒரே வாளால் எல்லாம் முடிப்பேன் என்பது சட்டகவேலையிற் செல்லாது.

முதுகிற் பித்தளை அல்லது எஃகுப் பட்டி பொருத்திய கழுந்து வாளைப் பலர் பெயர் கருதியே வாங்குவர். 10 முதல் 14 அங்குல நீளமும், அங்குலத்துக்கு 12 முதல் 14 வரையான பற்களும் உடைய அவ்வாள் யன்னற் சட்டத்துக்கும் மேசைக்கும் மிகப் பொருத்தமானது. ஆனால் 6 அங்குல உத்தரத்திலே 4 அங்குல நீளக் கழுந்து எடுக்கப் புகுவோர்க்கு அம்முதுகே தடையாகும். வாள் முழு ஆழம் இறங்குமுன் பட்டி மரத்தில் முட்டிவிடும். மேலும், நுண்பல்லின் இடையிலுள்ள பள்ளம் மிகச் சிறிது. அகன்ற மரத்தில் ஒருமுறை தள்ளும்போது திரளும் தூளை அது கொள்ளமாட்டாது. தூள் நிறைந்தபின் பல் மரத்தைத் தொடாமல் வழுக்கியே செல்லும். உத்தரவேலைக்கு ஏற்றது முதுகில்லாத 26 அங்குல வாள். நெடுக்கறுப்புக்கு அங்குலத்துக்கு 5 பல்லளவிலும், தோள் அறுக்க 8 பல்லளவிலும் இருத்தல் நன்று. 4 அங்குலத்துக்கு 2 அங்குலக் கைமரங்களின் தோளுக்கு 10 பல்லுடைய 22 அங்குல வாள் இன்னும் அடக்கமாக இருக்கும்.

அடுத்தது மரத்தின் ஈரம். 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுதல் தடுக்கப்பட்டபின், தோட்டங்களிலும் வீட்டுவளவுகளிலும் வளர்ந்த மரங்களே பெரிதும் பயன்படலாயின. மலைநாட்டில் அவற்றுள் முதன்மையானவை, அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த யூக்கலிப்டஸும், தேயிலைக்கு நிழலுக்காக நட்ட, சிங்களத்திற் சபுக்கு எனப்படும் கிரெவிலியாவுமாம். யூக்கலிப்டஸ் தண்டின் உள்ளே வளர்ச்சியின்போதே இறுக்கம் தேங்கியிருக்கும். அறுக்கும்போது அவ்விறுக்கம் விடுபட்டு மரம் வளையும். வாள்வழி மூடி அலகைக் கவ்விக்கொள்ளும். ஈரநாரோ கம்பளிபோற் பற்களிடையே அடையும். இதற்குரிய பரிகாரம் பற்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இருபுறமும் சிறிது வளைத்து, வாள்வழியை அலகினும் அகலமாக்குதல். உரோம அறிஞர் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே இதனைக் குறித்துள்ளார் என்பது தொழிலின் பழைமையைக் காட்டும். பச்சை மரத்துக்கு வாள்வழி அலகின் தடிப்பைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருக்கலாம். உலர்ந்த பலாவுக்கும் தேக்குக்கும் அவ்வளவு வேண்டுவதில்லை. அளவுக்கு மீறி வளைத்த வாள் தன் அகன்ற வழியினுள் அலைந்து, கழுந்தின் பக்கத்தை மேடுபள்ளமாக்கும். அவ்வாறான கழுந்து பொளியின் சுவரை ஆங்காங்கே மட்டும் தொடும். பல்லின் மேற்பாதியை மட்டுமே வளைத்தல் வேண்டும். அடியோடு வளைப்பின் பல் முறியும்.

தோள் அறுக்கும்போது நேரும் குறை கண்ணுக்குப் புலப்படாமையால் மிகக் கொடியது. 2 அங்குல மரத்தில் மூன்றிலொரு பங்கு, அதாவது ஏறத்தாழ 17 மில்லிமீற்றர், கழுந்துக்கு விடப்படுகின்றது என்க. தோளை அறுப்பவர் கோட்டைத் தாண்டி இருபுறமும் மும்மூன்று மில்லிமீற்றர் வாளை ஓடவிட்டால் வேரில் எஞ்சுவது 11 மில்லிமீற்றரே. வளைவைத் தாங்கும் வலிமை தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், அது பாதிக்கும் கீழே சென்றுவிடும். பொருத்திய பின்னர் அவ்வெட்டு உள்ளே மறைந்துவிடும். காற்று மட்டும் அதனைக் கண்டறியும். இதனாலேயே தோளுக்கு வேகமான வாளினும் நிதானமான வாள் சிறந்தது.

தமிழகத்துத் தச்சர் தரையில் அமர்ந்து, மரத்தைக் காலாற் பிடித்து, தம்பக்கம் இழுத்தறுக்கும் வாளையே நெடுங்காலம் கையாண்டனர். யப்பானியரும் இழுப்பவரே. இழுக்கும் அலகு விறைத்து நிற்பதால் மெல்லியதாக இருக்கலாம். அதன் வெட்டும் துப்புரவானது. ஆயினும் யப்பானிய வாளின் கடினமான நுண்பல் யூக்கலிப்டஸ் கணுவில் மோதினால் எளிதில் உடையும்; அதனைத் தீட்டுவதும் எல்லார்க்கும் கைவருவதன்று.

இன்று கடைகளில் மலிந்திருப்பது பல்லின் நுனி நீலக்கருமையாகத் தோன்றும் வாள். உயர் அதிர்வெண் மின்சாரத்தாற் சூடாக்கிக் கடினமாக்கப்பட்ட அப்பல் நெடுநாள் மழுங்காது; மழுங்கியபின் அரமும் அதில் ஏறாது. எறிந்துவிட்டு வேறு வாங்கவே வேண்டும். பலகையைக் குறுக்கே துண்டாக்க அது போதும்; நெடுக்கறுப்பில் தாமதிக்கும்; ஈரமரத்துக்கெனப் பல்லை மேலும் வளைக்கவும் இடந்தராது. வாங்கும்போது அது மலிவு. ஆண்டு முழுதும் கூரைவேலை செய்பவர்க்கு, முக்கோண அரமொன்றால் மீண்டும் மீண்டும் கூராக்கத்தக்க பழைய எஃகு வாளே இலாபமானது. தோட்டங்களிற் பழைய வேலைத்தளப் பெட்டிகளிலே துருவேறிக் கிடக்கும் வாள்களுட் பல இவ்வகையின. அலகு நேராயும், துரு குழிவிழாமலும் இருப்பின் அவை மீட்கத்தக்கவை. பற்களை முழுதும் அராவிப் புதிதாகவும் வெட்டலாம்.

நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். அங்கே மூடுபனி வீட்டினுள்ளும் புகும். வேலை முடிந்ததும் அலகைத் துடைத்து எண்ணெய் தடவாவிடில் ஓரிரவிலேயே துரு படியும். பெட்டியினுள் அலகு அலகோடு உரசாதவாறு, பல்லின்மேற் பிளந்த மூங்கிற்கீற்றொன்றைச் செருகிவைத்தல் போதுமானது.